பெருமாளின் இடது முட்டி

ஷட்டில் ஆடியா சார் ஜவ்வு கிழிஞ்சுது? பரவாயில்லை, நாலு பேர்கிட்ட கௌரவமா சொல்லிக்கலாம். எனக்கு பீரோ தூக்கிக் கிழிஞ்சுது. எங்க ஊர்ல கேட்டீங்கன்னா பெருமாளைத் தூக்கிக் கிழிஞ்சுதுன்னு சொல்லுவாங்க, நானும் மறுத்துப் பேசுறதில்லை. ஆனா உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும், பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல காலை நீட்டிக்கிட்டுக் கிடக்கோம். பீரோதான் சார். என் சம்சாரத்தோட சித்தி புதுசா வீடு கட்டிக் குடி போனாங்க, அந்த வீட்டு இரும்பு பீரோ.

காலை ஆட்டாதீங்க. பிசியோதெரபி மெர்லின் பாப்பா கரண்டு ஒயரை ஒட்டிட்டுப் போயிருக்கு, ஆட்டினா கழண்டுக்கும். குறுகுறுன்னு எறும்பு ஊர்ற மாதிரி இருக்கா? அப்படித்தான் இருக்கும். பழகிடும்.

என் பேரு கோதண்டம். ஊரு மாலடிமங்கலம். கும்பகோணத்துலேர்ந்து டவுன் பஸ்ஸுல வந்தா உரக்கடை ஸ்டாப்பிங்னு கேட்டு இறங்கணும், அந்த உரக்கடை நம்மளுதுதான். ஆனா ஊர்ல யாரும் என்னை உரக்கடைக்காரன்னு சொல்ல மாட்டாங்க. முன்தண்டு கோதண்டம்னுதான் சொல்லுவாங்க. எங்க ஊர்ல உலகளந்த பெருமாள் கோயில் இருக்கு. ஒரு காலை ஊனி, ஒரு காலை ஆகாசத்துக்குத் தூக்கி நிப்பாரே, அந்தப் பெருமாள். அவரு வீதிவலம் வரும்போது பல்லக்கைத் தோள்ல தாங்கறவங்களுக்கு சீர்பாதம் தாங்கிகள்னு பேரு. ஊர்ல சில குடும்பத்துக்குத்தான் அந்த உரிமை உண்டு. அதுல முன்பக்கம் இடது தண்டு, முதல் தோள், என்னோடது. எங்கப்பா இறங்கினாரு, நான் ஏறினேன். அன்னையிலேர்ந்து பெருமாள் ஒரு இம்மி அசங்கினார்னு ஒரு சொல் வந்தது கிடையாது.

தூக்கறதுன்னா ஏதோ யூரியா மூட்டை தூக்கறதுன்னு நினைச்சுடாதீங்க. நடை இருக்கு சார். வாசல் தாண்டும்போது சிம்ம நடை, நடுத்தெருவுல யானை நடை, தேரடி திருப்பத்துல நாகம் நெளியற மாதிரி ஒரு நடை. முன்தோள்காரன் காலை எப்படி வைக்கிறானோ, பின்னாடி இருக்கறவன் எல்லாம் அதைப் பார்த்துத்தான் வைப்பான். பெருமாளும் அப்படித்தான் வருவாரு. அப்ப நடக்கறது யாரு, பெருமாளா நானா? அதை என் வாயால நான் சொல்லக் கூடாது. நீங்களே யோசிச்சுப் பாருங்க.

இப்பப் பீரோவுக்கு வர்றேன். வண்டியிலேர்ந்து அதை இறக்கி நாலு பேரு தூக்கிட்டு வந்தானுங்க பாருங்க, ஒருத்தன் கால் கிழக்க போகுது, ஒருத்தன் கால் மேற்க போகுது. எனக்குக் கண்ணால பார்க்க முடியலை. பீரோவாவே இருந்தாலும் நாலு பேரு தூக்கினா அதுக்கொரு லட்சணம் வேணாமான்னு கேட்டுக்கிட்டே வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு முன்னாடி போய்த் தோள் குடுத்தேன். பின்னாடி என் மச்சான் சௌரிராஜன். செங்கமலத்துக்குத் தம்பி. செங்கமலம்னா என் சம்சாரம். சௌரிக்கும் பெருமாள் பல்லக்குல பின்தண்டு உண்டு, ஆனா கண்ணு பூரா என் முன்தண்டு மேல. எனக்கு ஈடா உயரம், என்னைவிட வயசு கம்மி, அந்த மப்பு அவனுக்கு.

சிம்ம நடை போட்டேன் சார். பீரோவுக்கு. பந்தல்ல உட்கார்ந்திருந்த பொம்பளைங்க எல்லாம் எழுந்து நின்னு பார்த்தாங்க. ஒரு பெரியம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க, பெருமாள் ஞாபகத்துல கும்பிட்டாங்களா, கிண்டலுக்குக் கும்பிட்டாங்களான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலை. வாசப்படிகிட்ட வந்ததும் திரும்பணும். இடது கால் ஊனியிருக்கு, உடம்பு திரும்பிடுச்சு, பீரோவும் திரும்பிடுச்சு, பாதம் மட்டும் திரும்பலை. முட்டிக்குள்ள டப்புன்னு ஒரு சத்தம். எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு. அடுத்த சத்தம் ஊருக்கே கேட்டுச்சு, அது பீரோ விழுந்த சத்தம். கண்ணாடி போச்சு. சௌரி வந்து குனிஞ்சு, நடை எங்க பிசகுச்சு அத்தான்னு ரொம்பப் பணிவா விசாரிச்சான்.

மறுநாள் முட்டி பூசணிப் பிஞ்சு கணக்கா வீங்கிடுச்சு. செங்கமலம் புளியும் உப்பும் காய்ச்சிப் பத்துப் போட்டா. அப்புறம் முறிவெண்ணெய். அப்புறம் கட்டுப் போடுறவர் ஒருத்தர்கிட்ட போனேன். அவரு பிசகியிருக்குன்னு சொல்லி, காலைப் புடிச்சு ஒரு இழுப்பு இழுத்தாரு பாருங்க, என் பாட்டன் முப்பாட்டன் எல்லாம் வரிசையா வந்து நின்னாங்க. அதுக்கப்புறம்தான் புது வம்பு. முட்டி மடங்கும், ஆனா திரும்ப நீட்ட வராது. பூட்டுப் போட்ட மாதிரி நின்னுக்கும். உங்களுக்கும் அப்படி ஆகுதா? ஆகலையா? புண்ணியம் பண்ணியிருக்கீங்க. எனக்கு முதல்முதல்ல அப்படி ஆனது எங்கன்னு நினைக்கிறீங்க? கக்கூஸ்ல. குந்தினவன் குந்தினபடியே இருக்கேன். செங்கமலம் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துட்டு ஆளைக் கூப்பிட்டா. வேற ஆளே கிடைக்கலையா அவளுக்கு, தம்பியைக் கூப்பிட்டா. தாழ்ப்பாளை உடைச்சு என்னை அதே கோலத்துல தூக்கிட்டு வந்து கூடத்துல வச்சது சௌரிதான். என்னை அவன் தூக்கற மாதிரி ஆயிடுச்சு சார். அந்த அவமானம் முட்டி வலியைவிடப் பெருசு.

அன்னைக்கே கும்பகோணம் கூட்டிட்டுப் போயிட்டா. டாக்டர் இளஞ்சேரன்னு ஒருத்தர், சின்ன வயசு, நிதானமா பேசுவாரு. ஸ்கேன் எடுக்கச் சொன்னாரு. குழாய்க்குள்ள படுக்க வச்சு தடதடன்னு தட்டறாங்களே, அதுதான். படத்தை வெளிச்சத்துல மாட்டிட்டு விளக்கமா சொன்னாரு. தொடை எலும்புக்கும் கீழ் எலும்புக்கும் நடுவுல பிறை நிலா மாதிரி ரெண்டு ஜவ்வு இருக்காம், உள்பக்கம் ஒண்ணு, வெளிப்பக்கம் ஒண்ணு. நம்ம உடம்பு பாரத்தைப் பரப்பி வாங்கிக்கிறது அதுதானாம். கால் ஊனியிருக்கும்போது முட்டி முறுக்கிக்கிச்சுன்னா கிழிஞ்சிடுமாம். சின்னக் கிழிசல்னா ஓய்வு, ஐஸ்கட்டி, பயிற்சி, அதுலயே சரியாயிடுமாம். உங்களுக்கு அப்படித்தான் இருக்கும் சார், கவலைப்படாதீங்க. எனக்கு வாளியோட கைப்பிடி கழண்டு தொங்கற மாதிரி நீளமா பிரிஞ்சு, நடுவுல போய் மாட்டிக்குதாம். அதனாலதான் பூட்டிக்குது. ஜவ்வோட வெளி ஓரத்துல ரத்த ஓட்டம் இருக்கு, அங்க கிழிஞ்சிருக்கறதால சீக்கிரம் தையல் போட்டா ஒட்டிக்கும், நாளாச்சுன்னா நைஞ்சு போயி வெட்டித்தான் எடுக்கணும்னாரு. ஜவ்வு போச்சுன்னா எலும்பும் எலும்பும் உரசி, கடைசியில முட்டியையே மாத்தற நிலைமை வரும்னும் சொன்னாரு.

எல்லாம் சரி, எப்ப தூக்கலாம்னு கேட்டேன். எதைன்னாரு. பெருமாளைன்னேன். தையல் போட்டா ஒண்ணரை மாசம் காலே ஊனக் கூடாது, அப்புறம் மாசக் கணக்குல குந்தக் கூடாது, பாரத்தைப் பத்தி இப்பப் பேச்சே வேண்டாம்னுட்டாரு.

பங்குனி பிரம்மோற்சவத்துக்குக் கொடியேற நாள் குறிச்சாச்சு. எங்க ஊர்ல ஒரு வழக்கம் இருக்கு சார். எந்த உற்சவமானாலும் ஒரு வேளை தோள் குடுக்காம விட்டா, அந்த இடத்துல எவன் தோள் குடுக்கறானோ தண்டு அவனுக்குப் போயிடும். சாவு தீட்டுன்னாலும் அப்படித்தான். அதனால எங்க ஆளுங்க ஜுரத்தோட தூக்கியிருக்காங்க, அம்மை போட்டு வேப்பிலையோட தூக்கியிருக்காங்க. நான் கட்டில்ல படுத்தா சௌரி முன்தண்டுல நிப்பான். இது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். டாக்டர் சொன்னதைக் கேட்டுட்டு வந்த அன்னைக்கே சௌரி ஆப்பிள் வாங்கிட்டு வந்து, ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீங்க அத்தான்னு கண் கலங்கினான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

முட்டிக்கு இறுக்கமா பட்டை சுத்திக்கிட்டு, மேல வேட்டியைத் தழையக் கட்டிக்கிட்டுப் போயிட்டேன். கொடியேத்தத்துக்கு மறுநாள் காலைப் புறப்பாடு. தண்டுக்கு அடியில தோளைக் குடுத்து எழுந்தேன், அதுவரைக்கும் ஒண்ணும் இல்லை. முதல் அடி வச்சேன் பாருங்க, இடது கால் தாங்கலை. சடக்குன்னு இறங்கிடுச்சு. வலது காலால சமாளிச்சு நிமிர்ந்தேன். அடுத்த அடி மறுபடி இறங்குது. ஒரு பக்கம் தண்டு இறங்கினா பெருமாள் என்ன ஆவாரு? அவரும் இறங்கினாரு. இறங்கறாரு, நிமிர்றாரு, இறங்கறாரு, நிமிர்றாரு. குடை ஆடுது, மாலை ஆடுது, விசிறி வீசறவர் விசிறியை நிறுத்திட்டுப் பார்க்கறாரு. நான் கண்ணை மூடிக்கிட்டேன். அப்பா காலத்துலேர்ந்து காப்பாத்தின பேரு இன்னைக்கோட போச்சுன்னு நினைச்சேன்.

அக்ரஹாரத்து முனையில ஒரு அம்மா ஓன்னு அழுதாங்க. போச்சுடான்னு பார்த்தா, அவங்க அழுவறது வேற மாதிரி இருக்கு. பெருமாள் நொண்டி நொண்டி நம்ம வாசலுக்கு வர்றாரேன்னு சொல்லி அழுவறாங்க. பக்கத்துல நின்னவங்களுக்கும் தொத்திக்கிச்சு. அடுத்த தெருவுக்குப் போறதுக்குள்ள செல்போன்ல வீடியோ போயிடுச்சு. அன்னைக்குச் சாயங்காலம் உபன்யாசம். திருவாழி சுவாமின்னு ஒருத்தர் வெளியூர்லேர்ந்து வந்திருந்தாரு. அவரு என்ன பண்ணினாரு, எடுத்து வச்சிருந்த விஷயத்தை ஒதுக்கிட்டு இதையே பேசினாரு. மூவுலகத்தையும் அளந்த கால் அது. அளந்து முடிச்சும் இறக்கி வைக்காம யுகம் யுகமா ஒத்தைக் கால்ல நிக்கிறாரு. ஊனின கால் வலிக்காதா? வலியோட வலியா, நம்மைப் பார்க்கணும்னு படியிறங்கி வர்றாரே, இந்தக் கருணையை என்னன்னு சொல்றதுன்னு கேட்டுட்டு, பேச முடியாம உட்கார்ந்துட்டாரு. பந்தல்ல ஒரு கண்ணு காயலை. எனக்கே அழுகை வந்துடுச்சு சார். என் முட்டின்னு ஒரு நிமிஷம் மறந்தே போயிட்டேன்.

அதுக்கப்புறம் கூட்டத்தைக் கேட்காதீங்க. கும்பகோணம், மாயவரம், மன்னார்குடி, எங்கேர்ந்தெல்லாமோ வேன் வச்சுக்கிட்டு வர்றாங்க. எல்லாரும் முட்டி வலிக்காரங்க. வாக்கர் வச்சவங்க, பெல்ட் போட்டவங்க, ரெண்டு பேரு தாங்கிக் கூட்டிட்டு வர்றவங்க. மாலடிமங்கலத்துப் பெருமாளைச் சேவிச்சா முட்டி வலி போவுதுன்னு பேச்சு. வெள்ளியில சின்னச் சின்னதா முட்டி செஞ்சு உண்டியல்ல போடறாங்க. பட்டாச்சாரியார் பெருமாளுக்கு நொச்சி இலை போட்ட வெந்நீர்ல ஒத்தடம் குடுக்க ஆரம்பிச்சாரு, ராத்திரி நைவேத்தியத்துல சுக்குக் கஷாயம் சேர்ந்துச்சு. நான் பல்லக்கை இறக்கி வச்சுட்டு, தூணோரம் வீங்கின முட்டியோட உட்கார்ந்திருப்பேன். ஒத்தட வெந்நீர் எனக்கு எதிர்லதான் போகும்.

ஒருநாள் டாக்டர் இளஞ்சேரனே வந்துட்டாரு. அவங்கம்மாவுக்கு முட்டித் தேய்மானமாம், அவங்க சொல்லித்தான் கூட்டிட்டு வந்திருக்காரு. பெருமாள் அசைஞ்சு அசைஞ்சு வர்றதைப் பார்த்துக் கன்னத்துல போட்டுக்கிட்டாரு. அப்புறம் கண்ணு மெல்லக் கீழ இறங்கி, பீடம், தண்டு, தோள்னு வந்து என் மேல நின்னுச்சு. கிட்ட வந்து உங்களை நான் என்ன சொன்னேன்னு ஆரம்பிச்சாரு, அவங்கம்மா கையைப் புடிச்சு இழுத்து, பெருமாள் எழுந்தருள்ற நேரத்துல அடியில நிக்கிறவங்ககிட்ட என்னடா பேச்சுன்னு அதட்டிட்டாங்க. மனுஷன் வாயை மூடிக்கிட்டு ஒதுங்கி நின்னு கைகூப்பினாரு. ஆக டாக்டரே ஒண்ணும் சொல்லலை. இதை நான் செங்கமலத்துக்கிட்ட சொன்னேன்.

அவ கேட்கணுமே. அன்னைக்கு அவ பேசினது இன்னும் காதுல இருக்கு. ஐஸ்கட்டியை முட்டி மேல வச்சு அழுத்திக்கிட்டே சொன்னா:

"பெருமாளுக்கு வலிக்குதுன்னு ஊரே அழுவுது. உங்களுக்கு வலிக்குதான்னு ஒருத்தராவது கேட்டாங்களா?"

பொறாமைன்னு விட்டுட்டேன். தம்பிக்குக் கிடைக்கலைன்னு இருக்கும்.

உற்சவம் முடிஞ்சதும் ஆபரேஷன்னு எனக்கே எண்ணம் இருந்துச்சு. தர்மகர்த்தா வீட்டுக்கு வந்தாரு. பழமும் பூவும் வச்சு, கோதண்டம், அவசரப்பட்டு எதையும் சரி பண்ணிக்காதேன்னாரு. சித்திரையில கோடை உற்சவம் வருது, அதுக்கு இப்பவே வேன் புக் பண்ணிட்டாங்க, அதை முடிச்சுட்டுப் பார்த்துக்கலாம்னாரு. ஒரு தர்மகர்த்தா நம்ம வீட்டுப் படியேறி வந்து கேட்கறாரு. எங்கப்பா காலத்துல நடந்திருக்குமா? சரின்னுட்டேன். செங்கமலம் அவருக்குக் காப்பி குடுக்கலை.

சௌரி என்ன பண்ணினான் தெரியுமா? நொண்டிப் பழக ஆரம்பிச்சான். நிஜமா சார். அவன் வீட்டுக் கொல்லையில, கிணத்தடிக்கும் மாட்டுக் கொட்டாய்க்கும் நடுவுல, தோள்ல உலக்கையை வச்சுக்கிட்டு நொண்டி நொண்டி நடக்கறான். அவன் சம்சாரம் தாளம் போடுது. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்தேன். வயிறெரிஞ்சுச்சு. முழுசா ரெண்டு முட்டி வச்சிருக்கறவன் நொண்டலாமா? அது தெய்வத்தை ஏமாத்தற வேலை இல்லையா? என்னோடது டாக்டர் ஸ்கேன் எடுத்து உறுதி பண்ணின நொண்டல்.

கோடை உற்சவத்துல மூணாம் நாள். தேரடி திருப்பம் தாண்டினதும் வேலு பரோட்டா கடை இருக்கு. அதுக்கு நேரா வரும்போது முட்டி பூட்டிக்கிச்சு. மடங்கின கால் மடங்கினபடி. ஒரு அடி முன்னாடியும் இல்லை, பின்னாடியும் இல்லை. பெருமாள் பரோட்டா கடை பக்கம் லேசா சாய்ஞ்ச வாக்குல நின்னுட்டாரு. ஜனங்களுக்கு ஒரே பரவசம், நகர மாட்டேங்கிறாரு, இங்க ஏதோ திருவுள்ளம்னு கோவிந்தா போடறாங்க. வேலு பயந்துபோயி கல்லை அணைச்சுட்டு, சால்னா சட்டியை மூடிட்டு, தேங்காய் பழத்தோட ஓடி வந்தான். அவன் கடையில முட்டை கொத்தற சத்தம் நின்னு அன்னைக்குத்தான் பார்த்தேன். பட்டாச்சாரியாரும் வேற வழியில்லாம அவனுக்குப் பரிவட்டம் கட்டிட்டாரு. இனி வருஷா வருஷம் அங்க மண்டகப்படின்னு ஆயிடுச்சு. சைவக் கடையா மாத்திட்டான், வியாபாரம் அமோகம்.

அதெல்லாம் பிற்பாடு. அந்த நேரத்துல எனக்கு வலி உச்சி மண்டையில போய் நிக்குது. தாங்குகட்டையைக் குடுத்துத் தண்டை நிறுத்தினாங்க. ஒரு கை என் இடுப்பைச் சுத்திப் புடிச்சு மெதுவா வெளிய எடுத்துச்சு. அதே கை. சௌரி. என்னை வேலு கடை பெஞ்சுல உட்கார வச்சுட்டு, பத்தே அடி அத்தான், திருப்பம் வரைக்கும்தான்னு சொல்லிட்டு என் இடத்துல தோளைக் குடுத்துட்டான். திருப்பத்தைத் தாண்டித்தான் நிக்கிறோம், அப்புறம் எந்தத் திருப்பம்?

நான் என்ன நினைச்சேன், இப்ப இவன் மாட்டுவான்னு நினைச்சேன். முதல்ல பதட்டத்துல நேராத்தான் நடந்தான். பெருமாள் நேரா போறாரு. ஜனங்க முகமெல்லாம் வாடிப் போச்சு. என்ன ஆச்சு பெருமாளுக்கு, ஏன் இப்படி நடக்கறாருன்னு ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கறாங்க. அதைக் கவனிச்சுட்டு சௌரி நொண்ட ஆரம்பிச்சான். ஆனா எந்தக் காலை? வலது காலை. கொல்லையில என்னை எதிர்ல நினைச்சுக்கிட்டுப் பழகியிருக்கான், கால் மாறிப் போச்சு. இறங்க வேண்டிய நேரத்துல பெருமாள் நிமிர்றாரு, நிமிர வேண்டிய நேரத்துல இறங்கறாரு. பெஞ்சுல உட்கார்ந்தபடி நான் கத்தினேன், இடது கால்டா, இடது கால்டான்னு. மேளத்துல கேட்கலை. கூட்டத்துல ஒருத்தன் சொல்றான், ஒரே கால்ல எத்தனை நாளைக்குப் பாரம் தாங்குவாரு, கால் மாத்திக்கிறாருன்னு. அவ்வளவுதான், கோவிந்தா விண்ணைப் பிளக்குது. அன்னையிலேர்ந்து தண்டு அவனுக்கு.

மறுவாரமே ஆபரேஷன். ரெண்டு சின்ன ஓட்டைதான் போட்டாங்க. முன்னாடியே வந்திருந்தா தைச்சிருக்கலாம், இப்ப நைஞ்சுட்டதால வெட்டிச் சமப்படுத்தியிருக்கேன்னு சொன்னாரு டாக்டர். கோபமா சொல்லலை. அதுதான் ஒரு மாதிரி இருந்துச்சு. அப்புறம் இங்கதான் வந்தேன். மெர்லின் பாப்பா தொடைச் சதையை இறுக்கு, விடு, இறுக்கு, விடுன்னு உசிரை வாங்கிச்சு. சுவரோரம் நடக்க வச்சுது, படி ஏற வச்சுது. ஒரு நாள் செங்கமலம் வாசல்ல நின்னு பார்த்துட்டு இருக்கா, நான் கடையிலேர்ந்து வீட்டுக்கு நேரா நடந்து வர்றேன். ஒரு சாய்வு இல்லை, ஒரு வெட்டு இல்லை. முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு அழுதா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என் நடையைப் பார்த்து அவ அழுதது அது ஒருதரம்தான்.

நான் அன்னைக்கே கோயிலுக்குப் போயிட்டேன். வழக்கத்துல ஒரு வழி இருக்கு சார். தண்டுக்கு ரெண்டு பேரு உரிமை கேட்டா, வெறும் பல்லக்கை வச்சுப் பிரகாரத்துல ரெண்டு பேரும் நடந்து காட்டணும். தர்மகர்த்தாவும் பட்டாச்சாரியாரும் பார்த்துச் சொல்லுவாங்க. பாரம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு, வெறும் பல்லக்குக்கு அது பொருந்தாதுன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். நடந்தேன். சிம்ம நடை நடந்தேன், யானை நடை நடந்தேன். சொல்லக் கூடாது, எங்கப்பாகூட அப்படி நடந்ததில்லை. பல்லக்குல ஒரு கிண்ணம் தண்ணி வச்சிருந்தா ஒரு சொட்டு சிந்தியிருக்காது. பிரகாரம் சுத்தி வந்து தண்டை இறக்கினேன். தர்மகர்த்தா என் தோளைத் தட்டிச் சொன்னாரு:

"நல்லாத்தான் இருக்கு கோதண்டம். ஆனா இது நம்ம பெருமாள் நடை இல்லையே."

வாய் வரைக்கும் வந்துச்சு, அது என் நடைதானேன்னு. யார்கிட்ட சொல்றது? பட்டாச்சாரியார் நல்ல மனுஷன், எதுக்கும் வர்ற புரட்டாசி முதல் சனிக்கிழமை இன்னொரு தடவை நடந்து காட்டட்டும்னு தவணை வாங்கிக் குடுத்தாரு. காலையில எழுந்தா தோள் தானா முன்னாடி வருது சார். தோள்ல ஒண்ணும் இல்லை. சட்டை மட்டும்தான் கிடக்கு. கடையில உட்கார்ந்தா கணக்கு ஓடலை. மேளச் சத்தம் கேட்டா எழுந்து கதவைச் சாத்திட்டு வந்துடறேன்.

முயற்சி பண்ணாம இல்லை. நான் நொண்டினா அது ஏமாத்து வேலை இல்லை, பழைய நடைதானே, அனுபவம் இருக்கே. ஆனா வர மாட்டேங்குது. வலிச்சப்ப அது தானா வந்துச்சு, இப்ப நானா வச்சா பாதி தூரத்துல மறந்துபோயி நேரா நடந்துடறேன். சௌரி மாதிரி பொய்யா நொண்டவும் எனக்குத் தெரியலை. அதனாலதான் எனக்கு எப்பவோ குணமாகி, மெர்லின் பாப்பா வர வேண்டாம்னு சொன்ன பிறகும், தொடை பலத்துக்குன்னு சொல்லிட்டு இங்க வந்து படுத்துக்கறேன். செங்கமலத்துக்குத் தெரியாது, கலெக்ஷனுக்குப் போறேன்னு சொல்லியிருக்கேன். இங்க வர்றவங்களைப் பார்ப்பேன். பெரும்பாலும் தேய்மானக்காரங்க, அவங்க நடை வேற, காலை அகட்டி வைப்பாங்க. எனக்கு வேண்டியது அது இல்லை. இன்னைக்கு நீங்க உள்ள வந்தீங்க. இடது காலை வச்சு, சடக்குன்னு இறங்கி, ஒரு நொடி நின்னு, அப்புறம் நிமிர்ந்தீங்க பாருங்க. அந்த ஒரு நொடியை நான் மறந்தே போயிருந்தேன் சார். உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு.

மெர்லின் பாப்பா டீ குடிக்கப் போயிருக்கு, வர நேரமாகும். ஒயரை நான் கழட்டி விடறேன், திரும்ப ஒட்டிக்கலாம். வலிக்கும், எனக்குத் தெரியாதா? ஆனா நாளைக்கு மறுநாள் புரட்டாசி முதல் சனிக்கிழமை சார். அந்தக் கதவு வரைக்கும் ஒரே ஒரு தடவை நடந்து காட்டுங்க. அவசரம் வேண்டாம், செவுத்தைப் புடிச்சுக்காம நடங்க. நான் உங்களுக்குப் பின்தண்டு மாதிரி பின்னாடியே வர்றேன்.